மறந்துவிட்டு மறுபடியும் ஆட ஆசை

கேம் என்றாலே சுடுவது, ஓடுவது, கார் பந்தயம் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, கன்ட்ரோலரைக் கொடுத்து, “இதை ஆடிப் பாருங்கள்” என்று சொல்ல வேண்டும்போல இருக்கிறது எனக்கு. சமீபத்தில் அடுத்தடுத்து ஆடி முடித்த கதைப் புதிர் கேம்கள் என்னை அப்படிப் பித்தாக்கி வைத்திருக்கின்றன. இவற்றில் புது ஆயுதம் கிடைக்காது, பலம் கூடாது, லெவல் ஏறாது. ஆட ஆட நம்மிடம் சேருவது ஒன்றே ஒன்றுதான்: நமக்குத் தெரிந்த விஷயம். கதை புரிந்தால்தான் புதிர் அவிழும், புதிர் அவிழ்ந்தால்தான் கதை நகரும்.

‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’னிலிருந்து தொடங்குகிறேன். ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ செய்த லூகஸ் போப் கிட்டத்தட்டத் தனியாளாக உழைத்து 2018-இல் கொண்டுவந்த கேம். 1802-இல் லண்டனிலிருந்து கீழை நாடுகளுக்குக் கிளம்பிய சரக்குக் கப்பல் ஒன்று காணாமல் போகிறது. 1807-இல் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தருகே அது தானாக மிதந்து வந்து சேர்கிறது. உள்ளே உயிரோடு ஒருவரும் இல்லை. நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆய்வாளர். கையில் ஒரு புத்தகமும் ஒரு விசித்திரமான பாக்கெட் கடிகாரமும்தான்.

எலும்புக்கூட்டின் அருகே போய்க் கடிகாரத்தைத் திறந்தால் திரை இருட்டாகிவிடும். அந்த ஆளின் கடைசி நொடிகளில் எழுந்த பேச்சும் கூச்சலும் மட்டும் காதில் விழும். பிறகு, உயிர் பிரிந்த அந்தக் கணம் அப்படியே உறைந்து கண்முன் நிற்கும். வெடிக்கும் துப்பாக்கியின் பொறி, பாதியில் நின்ற அலை, அலறும் வாய் என்று ஒவ்வொன்றையும் சுற்றி நடந்து பார்க்கலாம். கப்பலில் இருந்தவர்கள் 60 பேர். இவர் யார், என்ன ஆனார், யார் கையால் ஆனார் என்று ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டும். மூன்று பேருக்குச் சரியாக எழுதி முடித்தால்தான் கேம் அவற்றை உறுதிசெய்யும். குருட்டாம்போக்கில் அடித்துத் தப்பிக்கவே முடியாது.

ஒரே ஒரு துப்பை மட்டும் சொல்கிறேன். மாலுமிகள் படுக்கும் தொங்கு தூளிகளில் சின்னதாக எண் எழுதியிருக்கும். நம் புத்தகத்திலுள்ள ஆள் பட்டியலிலும் வரிசை எண் இருக்கும். இரண்டும் ஒன்று என்று எனக்கு உறைத்த நொடியில் நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன்! தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பாருங்கள், காலில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்தியர், சீனர், ரஷ்யர் என்று பல ஊர்க்காரர்கள் கலந்திருக்கும் கப்பலில் பேச்சின் தொனி, பச்சை குத்திய கை, யார் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதுவரை எல்லாமே சாட்சி. பழைய மேக்கின்டாஷ் திரைபோலக் கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளாலேயே இத்தனையையும் காட்டியிருக்கிறார் மனிதர். இசையும் அவருடையதே. என்ன உழைப்பு!

அடுத்தது என் மனசை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் அலெக்ஸ் பீச்சம் முதுகலைப் படிப்புக்காகத் தொடங்கிய வேலை இது. மொபியஸ் டிஜிட்டல் நிறுவனத்தில் வளர்ந்து 2019-இல் வெளிவந்தது, 2020-இல் பாஃப்டாவின் சிறந்த கேம் விருதையும் வாங்கியது. பலகைகளை வைத்துத் தட்டிக்கூட்டிய ஒரு விண்கலத்தில் ஏறிச் சூரியக் குடும்பத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். இங்கே போ, அங்கே போ என்று விரட்ட ஆள் கிடையாது. ஆனால் 22 நிமிடத்தில் சூரியன் வெடித்துவிடும். எல்லாம் அழியும். கண்ணைத் திறந்தால் அதே கணப்பு நெருப்பு, அதே வானம். நம் தலையில் ஏறியதும் விண்கலத்தின் பதிவேட்டில் ஏறியதும் மட்டுமே மிச்சம்.

ஒன்றையொன்று சுற்றும் இரட்டைக் கோள்கள் இதில் உண்டு. ஒன்றிலிருந்து கிளம்பும் மணல் தூண்போல எழுந்து மற்றொன்றில் கொட்டிக்கொண்டே இருக்கும். அங்கே குகைகள் மணலில் மூழ்க மூழ்க, இங்கே புதைந்து கிடந்த கட்டடங்கள் தலைகாட்டும். எங்கே போவது என்பது மட்டும் போதாது, எப்போது போவது என்பதும் தெரிய வேண்டும். இன்னொரு கோளின் நடுவில் கருந்துளை. கால் தவறி அதில் விழுந்த கணத்தின் திகிலும், விழுந்த பிறகு கண்ட காட்சியும் எனக்கு ஜென்மத்துக்கும் போதும்.

என்றோ வாழ்ந்து மறைந்த நோமாய் இனத்தவர் சுவர்களில் சுருள்சுருளாக எழுதி வைத்திருப்பார்கள். ஒரு சுருளில் ஒருவரின் கேள்வி, அதிலிருந்து கிளைவிடும் சுருளில் இன்னொருவரின் பதில். ஆராய்ச்சி, வாக்குவாதம், கிண்டல், காதல் எல்லாம் அதில் இருக்கும். ஓரிடத்தில் அவர்களுடைய குழந்தைகள் ஆடிய விளையாட்டின் விதிகள் இருந்தன. படித்து ரசித்துவிட்டு நகர்ந்தேன். வெகுநேரம் கழித்து வேறோர் இடத்தின் கும்மிருட்டில் உயிர் பிழைக்கும் வழி அந்த விதிகளில்தான் இருந்தது! அப்போது உடம்பு சிலிர்த்தது பாருங்கள், அதுதான் இந்த கேம். கடைசிவரை போகும் பாதை ஆரம்பத்திலிருந்தே திறந்துதான் கிடக்கிறது, நமக்குத்தான் தெரியாது.

ஆண்ட்ரூ ப்ராலோவின் இசையைச் சொல்லாமல் விட்டால் பாவம். கோளுக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் பயணிகள் ஆளுக்கொரு வாத்தியம் வாசிக்கிறார்கள்: பாஞ்சோ, மவுத் ஆர்கன், புல்லாங்குழல், தாளம், ஒருவருக்கு வெறும் விசில். வெகு தூரம் விலகிப் போய் ஒலி வாங்கும் கருவியை அவர்கள் பக்கம் திருப்பினால் எல்லாம் சேர்ந்து ஒரே பாட்டாகக் கேட்கும். அண்ட வெளியில் மிதந்தபடி அதைக் கேட்டு நான் அழுதேன்.

‘சான்ட்ஸ் ஆஃப் சென்னார்’ 2023-இல் பிரான்ஸின் துலூஸிலிருந்து வந்தது. பாபேல் கோபுரக் கதையைத் தழுவி, தளத்துக்கு ஒரு மக்கள், அவர்களுக்கு ஒரு மொழி என்று அமைத்திருக்கிறார்கள். சுவரோவியம், சைகை, அறிவிப்புப் பலகை என்று கண்ணில் படுவதையெல்லாம் வைத்து ஒவ்வொரு குறிக்கும் பொருளை ஊகித்து நோட்டில் எழுதிக்கொண்டே மேலே ஏற வேண்டும். பிரிந்து கிடக்கும் மக்களைப் பேசவைப்பதே கதை, அதைச் செய்வது நம் ஊகம்.

அதே ஆண்டில் டொரன்டோவின் விசை கேம்ஸ் தந்த ‘வெண்பா’, நம் அடுக்களையையே புதிராக்கிவிட்டது! 1980-களில் கனடாவுக்குப் போன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்களுடைய மகன் கவின். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் எழுத்து அழிந்திருக்கிறது, பக்கம் கிழிந்திருக்கிறது. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் சீராகப் போகும் என்று யோசிக்கும்போதே அந்தக் குடும்பத்துக்குள் போய்விடுகிறோம். ரேடியோவில் அந்தந்தக் காலத் தமிழ் சினிமாப் பாட்டின் சாயலில் புதுப் பாட்டுகள் ஒலிக்கின்றன. ஒரே மூச்சில் ஆடி முடித்துவிடலாம். 2024-இல் சுயாதீன கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் தலையாய விருது இதற்குக் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு பெருமை.

இந்த கேம்களுக்கெல்லாம் ஒரே விலை உண்டு: முதல் தடவை ஆடும் சுகம் ஒரு தடவைதான். விடை தெரிந்த பிறகு அந்தப் பரவசம் திரும்பாது. அதனால் யூடியூபில் விளக்க வீடியோவைத் தயவுசெய்து தொடாதீர்கள். மாட்டிக்கொண்டால் மூடி வைத்துவிட்டு மறுநாள் வாருங்கள், விடை தானாக வரும். புதிதாக ஆடுபவர்கள் ‘வெண்பா’வில் தொடங்குங்கள், துப்பறியும் கதைப் பிரியர்கள் நேராக ‘ஓப்ரா டின்’னுக்குப் போங்கள். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ எல்லோருக்கும். முடித்ததும் உயிர் நண்பர் ஒருவருக்கு அதை வாங்கிக் கொடுத்து, அவர் ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கக் கூடாது! அவர் முகத்தில் அந்த “அட!” வரும்போது, போன சுகத்தில் பாதி உங்களுக்குத் திரும்பிக் கிடைத்துவிடும்.