கரியும் கறையும்

ஓவியம் என்றதும் அரண்மனைச் சுவரில் தொங்கும் அணங்கும், தாமரையும், மயிலும் நம்மில் பலருக்கு நினைவில் வந்து நிற்கும். ஒரு கரித்துண்டையும் ஒரு ரப்பர்த் துண்டையும் மட்டும் கையிலே வைத்துக்கொண்டு, ஒரு நாட்டின் குற்றத்தைக் குறுக்கு விசாரணை செய்ய இயலுமா? இயலும் என்று காட்டியவர் வில்லியம் கென்ட்ரிட்ஜ். தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க் நகரில், 1955-இல் ஆளும் நிறத்திலே பிறந்தவர். நிறவெறி ஆட்சியின் வழக்குமன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்காக வாதாடிய சிட்னி கென்ட்ரிட்ஜின் மைந்தர்.

கார்ட்டூன் படம் எடுப்போர் ஆயிரக்கணக்கில் தனித்தனிப் படங்கள் வரைவர். இவரோ ஒரு காட்சிக்கு ஒரே தாள்! வரைகிறார், காமிராவிடம் நடந்து சென்று ஓரிரு படம் பிடிக்கிறார், திரும்பி வந்து சிறிது அழிக்கிறார், சிறிது கூட்டுகிறார், மீண்டும் நடக்கிறார். அழித்த கரியோ முற்றும் அகலுவதில்லை. கை நகர்ந்தால், பழைய கையின் சாயல் பின்னே மங்கலாய் நிற்கிறது. துடைத்தாலும் போகாத கறை! 'நடந்தது நடந்துவிட்டது, மறந்துவிடுவோம்' என்று கூறும் ஆதிக்கக்காரனுக்கு இதைவிட வேறு விடை வேண்டுமா?

1991-இல் வந்த 'சுரங்கம்' என்னும் படத்தைப் பாருங்கள். சோஹோ எக்ஸ்டீன் சுரங்க முதலாளி. படுக்கையில் சாய்ந்தபடியே காலை உணவு. காப்பிக் குடுவையின் அழுத்துகோலை மெல்ல அழுத்துகிறார். அது குடுவையின் அடியிலே நிற்கவில்லை! தட்டைத் துளைக்கிறது, மெத்தையைத் துளைக்கிறது, மண்ணைத் துளைக்கிறது, தொழிலாளர் அடுக்கடுக்காய்க் கிடக்கும் கொட்டடியையும் கடந்து சுரங்கத்தின் அடி ஆழத்துக்கே போகிறது. முதலாளி பருகும் காப்பியின் வேர் எங்கே இருக்கிறது என்பதை, ஒரு சொல் வசனமின்றி உணர்த்திவிட்டார். தடித்த பொருளாதார நூல்களை ஏந்தித் திரியும் நம் நண்பர்கள் பொறாமைப்பட வேண்டிய இடம் இது.

1994-இல், அனைத்து இனத்தாரும் வாக்களித்த முதல் தேர்தலின் ஆண்டில், 'நாடுகடந்த பெலிக்ஸ்' வந்தது. அதிலே நந்தி என்னும் கறுப்பினப் பெண் நிலத்தை அளக்கிறாள். (கோயில் வாயிலில் படுத்திருக்கும் காளையை எண்ணவேண்டா, அது அந்நாட்டுப் பெண்களின் பெயர்!) குண்டடிபட்ட உடல்கள் மீது செய்தித்தாள்கள் பறந்து வந்து மூடுகின்றன, உடல்கள் மண்ணோடு மண்ணாகின்றன. அவள் அவற்றை வரைகிறாள். இறுதியில் அவளும் சுடப்படுகிறாள்.

இங்கேதான் நமக்கு ஒரு குறை. சோஹோவுக்கு முகம் உண்டு, மனைவி உண்டு. 1996-இல் வந்த படத்திலே, மருத்துவமனைப் படுக்கையில் மனச்சான்று குத்தும் வேளையும் உண்டு. சுரங்கத் தொழிலாளிக்கு என்ன உண்டு? கூட்டம், வரிசை, நிழல்! பெயர் பெற்றவள் நந்தி. அவளுக்கும் ஆயுள் இல்லை. தாம் அறிந்த வர்க்கத்தின் உள்ளத்தை மட்டும் திறந்து காட்டியது அவருடைய நேர்மை என்பர் அன்பர்கள். பாதி ஒப்புகிறோம். கொடுமை செய்தவனின் உறக்கமின்மையை இத்தனை பரிவோடு வரைந்த கை, உழைத்தவனின் ஒருநாள் நினைவையாவது வரைந்திருக்கலாகாதா?

2015-இல் அவர் அமைத்த காட்சி ஒன்றில் எட்டுத் திரைகள் நம்மைச் சூழ நிற்கின்றன. கரியால் வரைந்த வெட்டவெளி. அதன்மீது உயிருள்ள மனிதர்கள் ஊர்வலம் போகின்றனர். பித்தளை வாத்தியம் முழங்குகிறது. மருந்துப் புட்டி தொங்கும் தண்டினைத் தள்ளியபடி நோயாளிகள் வருகின்றனர். சுமை தூக்குவோர் வருகின்றனர். ஒரு திரையில் மறைந்தவர் அடுத்த திரையில் தோன்றுகிறார். நாம் நடுவிலே நின்று ஒவ்வொரு முகமாகத் தேடுகிறோம். அவர்கள் நம்மைப் பார்க்கவில்லை, போய்க்கொண்டே இருக்கிறார்கள்.