நகைப்புக்குள்ளாகும் அறிவு: தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்களில் 'கீக்' பாத்திரம்

'கீக்' எனும் ஆங்கிலச் சொல்லின் வரலாறு நம் கவனத்துக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அமெரிக்கக் கேளிக்கைக் கூடாரங்களிலே உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனை அச்சொல் குறித்தது. பின்னர், விஞ்ஞானத்திலும் கணினியிலும் மூழ்கிச் சமூகப் பழக்கங்களில் தடுமாறுபவனைச் சுட்டும் ஏளனச் சொல்லாயிற்று. கணினித் தொழிற்றுறை பெருஞ்செல்வம் ஈட்டத் தொடங்கியதும் அதனைப் பெருமையுடன் சூடிக்கொள்வோரும் தோன்றினர். சொல்லின் மதிப்பு உயர்ந்தது உண்மையே. ஆயின், அக்கூடாரம் உண்மையில் கலைக்கப்பட்டுவிட்டதா? இரு தொடர்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். அறியாதவனின் பேதைமையைக் கண்டு நகைப்பது எளிது. கற்றவனிடத்தே பேதைமையைக் கண்டுபிடித்து நகைப்பதில் தனியானதொரு திருப்தி உண்டு. நம்மிலும் அதிகம் அறிந்தவன் நம்மிலும் தாழ்ந்தவனாகும் கணம் அது. 'கீக்' பாத்திரத்தின் கவர்ச்சி இக்கணத்திலேயே தங்கியுள்ளது எனலாம்.

இதற்குச் சிறந்த உதாரணம், சக் லோறியும் பில் பிராடியும் உருவாக்கிய 'த பிக் பாங் தியறி' ஆகும். அமெரிக்காவின் சீ.பீ.எஸ். தொலைக்காட்சியில் 2007 முதல் 2019 வரை, பன்னிரண்டு பருவங்களில் 279 அங்கங்களாக இது ஒளிபரப்பானது. பசடீனாவிலுள்ள கலிபோர்னியா தொழினுட்ப நிறுவகத்திற் பணிபுரியும் நால்வரே இதன் மையப் பாத்திரங்கள்: பௌதிகவியலாளர்களான ஷெல்டன், லெனாட், வானியற்பௌதிகவியலாளரான ராஜ், பொறியியலாளரான ஹவாட். எதிர்வீட்டிற் குடியேறும் உணவகப் பணிப்பெண் பென்னி, பார்வையாளரின் பிரதிநிதியாக அவர்களை நோக்குகின்றாள்.

இத்தொடரின் வெண்பலகைகளில் எழுதப்பட்டிருக்கும் சமன்பாடுகள் பிழையற்றவை. லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியற் பேராசிரியர் டேவிட் சோல்ற்ஸ்பேர்க் இதற்கென ஆலோசகராக அமர்த்தப்பட்டிருந்தார். தயாரிப்பாளர்களின் இந்த நேர்மை பாராட்டத்தக்கதே. எனினும், அச்சமன்பாடுகளைப் பார்வையாளர் விளங்கிக்கொள்ள வேண்டிய தேவை எவ்விடத்தும் எழுவதில்லை. ஷெல்டன் ஒரு கோட்பாட்டை விளக்கும்போது எழும் சிரிப்பு, அக்கோட்பாட்டினாற் பிறப்பதன்று. வேளை அறியாது அதனை அவன் பேசுவதாற் பிறப்பது. அறிவு இங்கு பொருளாகவன்றி, பாத்திரத்தின் ஓர் அங்கசேட்டையாகவே பயன்படுகின்றது.

இது வெறும் ஏளனமே எனக் கூறிவிடவும் முடியாது. இத்தொடருக்கென முதலில் தயாரிக்கப்பட்ட முன்னோட்ட அங்கம் ஒளிபரப்பப்படவில்லை. அதில் பென்னியின் இடத்திலிருந்த பெண் பாத்திரம் கடுமை மிக்கதாய் அமைந்திருந்தது; பரீட்சார்த்தமாகப் பார்த்தோர் அதனை விரும்பவில்லை. அவ்விளைஞரைப் பாதுகாக்க வேண்டும் என்றே அவர்கள் உணர்ந்தனர். ஆகவே, இச்சிரிப்பினுள் பரிவும் கலந்துள்ளது. ஆயினும், பரிவு சமத்துவமாகிவிடாது. செல்லப்பிராணியிடத்தும் நாம் பரிவு கொள்கின்றோம்.

ஷெல்டனின் பாத்திரம் இதனைத் தெளிவாக்கும். மாறாத நேர ஒழுங்கு, தனக்கென ஒதுக்கிய ஒரே இருக்கை, பிறர் தொடுதலில் வெறுப்பு, குத்தற்பேச்சை விளங்கிக்கொள்ள இயலாமை என்பன அவனது இயல்புகள். பார்வையாளர் பலர் இவற்றை ஓட்டிசத்தின் அறிகுறிகளாகக் கண்டனர். படைப்பாளர்களோ அத்தகைய நோக்குடன் அவனை எழுதவில்லை என்றனர். பெயர் சூட்டாது விடுவதால் விளையும் வசதி கவனிக்கத்தக்கது. பெயரிருப்பின் சிரிப்பவர் தம் சிரிப்புக்குப் பொறுப்பேற்க வேண்டியிருக்கும். பெயரின்மையால் அப்பொறுப்பு அகன்றுவிடுகின்றது. புதுடில்லியிலிருந்து வந்த ராஜ், மது அருந்தினாலன்றிப் பெண்களுடன் பேச இயலாதவனாக 2013 வரை காட்டப்பட்டதும் இவ்வகையினதே. நால்வருள் இந்தியன் ஒருவனுக்கே நாவடங்கியது தற்செயல் எனக் கொள்வது கடினம்.

இனி, பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சியில் 2006 இல் தொடங்கி 2013 இல் முடிவுற்ற 'த ஐ.ரி. குரவுட்' தொடரை நோக்குவோம். கிரஹம் லினெஹன் எழுதிய இத்தொடரில், றொய், மொஸ் எனும் இரு கணினிப் பணியாளர் இலண்டன் நிறுவனமொன்றின் நிலவறையில் அமர்த்தப்பட்டுள்ளனர். மேல்தளங்கள் ஒளிமிக்கவை; நிலவறையோ குப்பை நிறைந்தது. நிறுவனம் இவர்களின் உழைப்பின்றி இயங்காது. ஆயினும் இவர்களை எவரும் பொருட்படுத்துவதில்லை. கணினி பற்றி எதுவுமறியாத ஜென் இவர்களின் தலைவியாக நியமிக்கப்படுகின்றாள். அறிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான பிளவு கட்டட அமைப்பிலேயே வெளிப்படுகின்றது.

2008 இல் ஒளிபரப்பான அங்கமொன்றில், சிறு கரும்பெட்டியொன்றைக் காட்டி, அதுவே இணையம் என்று இருவரும் ஜென்னை நம்பவைக்கின்றனர். பங்குதாரர் கூட்டத்தில் அவள் அதனைக் காட்சிப்படுத்தும்போது அவள் நகைப்புக்குள்ளாவாள் என்பது அவர்களின் எதிர்பார்ப்பு. சபையோ பெட்டியைப் பயபக்தியுடன் நோக்குகின்றது. பேதைமை ஈண்டு கற்றவனிடத்தில் இல்லை. தான் நம்பி வாழும் கருவியின் இயல்பை அறியாத சமூகத்திடம் உள்ளது. மொஸ்ஸின் தடுமாற்றங்களைக் கண்டு இத்தொடரும் சிரிக்கத் தவறவில்லை. எனினும், சிரிப்பு ஒரு திசையில் மாத்திரம் பாயாமையே இதன் சிறப்பு.

'த பிக் பாங் தியறி' காலப்போக்கில் வளர்ந்தது என்பதையும் கூறல் வேண்டும். ஏமி, பேர்னடெற் எனும் பெண் விஞ்ஞானிகள் பின்னர் முக்கிய இடம் பெற்றனர். ஏமியாக நடித்த மாயிம் பியாலிக் நரம்பியல் விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். 2019 இல் ஒளிபரப்பான இறுதி அங்கத்தில் ஷெல்டனும் ஏமியும் நோபெல் பரிசு பெறுகின்றனர். ஷெல்டன் தன் புகழ் பாடும் உரையைக் கைவிட்டு, நண்பரிடம் மன்னிப்புக் கோரி நன்றி கூறுகின்றான். உள்ளத்தைத் தொடும் காட்சியே அது. ஆயினும், பன்னிரண்டு ஆண்டுகள் அவனைக் கண்டு சிரித்தவர்கள் எவரும் அவனிடம் மன்னிப்புக் கோரவில்லை என்பதும் உண்மை.

பல்கலைக்கழகத்தவராகிய நமக்கு இது புறம்பான விடயமன்று. 'புத்தகப் பூச்சி' எனும் சொல் நம்மிடையேயும் உண்டு. அதனைப் பிறர்மீது எறிந்தவரும் நாமே, ஏற்றவரும் நாமே. கற்றவன் நகைக்கப்படலாகாது என்பது எம் வாதமன்று. கற்றவனின் செருக்கும் மனிதரை மறந்த புலமையும் நகைக்கப்பட வேண்டியவையே. ஆனால், ஒருவனது நடையையும் பேச்சையும் தனிமையையும் மட்டும் நகைத்து, அவன் என்ன அறிந்தான், யாருக்காக உழைக்கின்றான் என்பவற்றைக் கேளாது விடும் நகைச்சுவை, அக்கூடாரத்தைக் கலைக்கவில்லை. அதற்கு மின்விளக்குப் பூட்டியிருக்கின்றது. அடுத்த முறை சிரிப்பொலி எழும்போது, அது எதனை நோக்கி எழுகின்றது என ஒரு கணம் எண்ணிப்பார்ப்பது இரசிகனின் கடமையாகும்.