மூலையைத் தொட்டுப் பார்: லித்தியம் பூச்சின் பாணிகளும் உரைகல்லும்

சிங்காநல்லூரில் பிளேட்டிங் பட்டறையில் சேர்ந்த முதல் வாரம். ஜிக்கிலிருந்து இறக்கிய பம்பு பிராக்கெட்டைப் பார்த்து, "நல்லா மின்னுதுங்கண்ணா" என்றேன். மூத்தவர் பதில் சொல்லாமல் என் விரலைப் பிடித்து அதன் மூலையில் வைத்தார். உப்புக்கல் மாதிரி நறநறவென்று குத்தியது. "நடுவு எப்பவும் நல்லாத்தான் இருக்கும் கண்ணு. மூலையத் தொட்டுப் பாரு" என்றார். கரண்ட் கூடிப்போனால் மூலையில் துத்தநாகம் கருகி, செடிபோலக் கிளைவிடும். எங்களுக்கு அது ஒரு பீஸ் ரிஜெக்ட். லித்தியம் பேட்டரிக்குள் அதே கிளை முளைத்தால் தீ.

இரண்டும் ஒரே வித்தைதான். லித்தியம் உலோக பேட்டரியை சார்ஜ் செய்வது என்றால் உள்ளே லித்தியம் பிளேட்டிங் நடக்கிறது என்று பொருள். தகட்டில் கடுகளவு மேடு இருந்தாலும் கரண்ட் அங்கே குவியும், மேடு முள்ளாகும், முள் நடுச்சவ்வைத் துளைத்து எதிர்முனையைத் தொடும். இத்தனை ஆபத்து இருந்தும் இந்த உலோகத்தை ஏன் விடவில்லை? இன்றைய செல்களில் இருக்கும் கிராஃபைட் கிராமுக்கு 372 மில்லி ஆம்பியர்-மணி ஏற்கும், லித்தியமோ 3,860.

ஆசைக்கு விலையும் கொடுத்தாயிற்று. கனடாவின் மோலி எனர்ஜி லித்தியம் உலோக செல்களை விற்பனைக்கே கொண்டுவந்தது. 1989-ல் ஜப்பானில் கைபேசிகளில் அவை தீப்பிடிக்க, திரும்பப் பெற்றது. 1991-ல் சோனி உலோகத்தை விட்டுவிட்டு, கார்பனுக்குள் லித்தியத்தை ஒளித்துவைக்கும் வழியில் சந்தைக்கு வந்தது. அந்த வழியை வகுத்தவர்களுக்கு 2019-ல் நோபல். பரிசு பெற்ற குட்இனஃப் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவர் மதுரையிலும் சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். உலோகத்தின் மீதான ஆசை மட்டும் ஆய்வுக்கூடங்களில் அணையவில்லை. முள்ளை அடக்கும் பூச்சுகளில் இன்று நான்கு பாணிகளைப் பிரித்துச் சொல்லலாம்.

முதலாவது, தானாக விளையும் தோல். செல்லுக்குள் இருக்கும் மின்பகு திரவம் பட்டவுடனே லித்தியத்தின் மேல் ஒரு படலம் உண்டாகிறது. 1979-ல் இமானுவேல் பெலட் இதற்கு விளக்கம் தந்தார். துத்தநாகத்துக்கு நாம் பாசிவேஷன் கொடுப்பதுபோல, இந்தப் பாணிக்காரர்கள் திரவத்தில் லித்தியம் நைட்ரேட்டோ ஃபுளோரின் கலவையோ சேர்த்துத் தோலைத் தேற்றுகிறார்கள். செலவு குறைவு. ஆனால் தோல் வெடித்தால் அந்த இடத்தில் லித்தியமும் திரவமும் மறுபடி செலவாகும்.

இரண்டாவது, கெட்டிப் பூச்சு. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகம் லைப்பான் என்ற கண்ணாடி போன்ற படலத்தை வெற்றிடத்தில் படியவைத்தது. அதை வைத்துச் செய்த மெல்லிய செல்கள் ஆயிரக்கணக்கான சார்ஜ் சுற்றுகள் ஓடின. பெரிய பரப்புக்கு அதே வேலை செலவு பிடிக்கும். லித்தியத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு விறைப்பு இருந்தால் முள் அடங்கும் என்று 2005-ல் மன்ரோவும் நியூமனும் கணக்குப் போட்டார்கள். கணக்கு சரி, ஆனால் அதைவிட விறைப்பான பீங்கானிலும் மணிகளுக்கு இடையிலுள்ள சந்து வழியே லித்தியம் புகுந்துவிடுகிறது.

மூன்றாவது, இசைந்து கொடுக்கும் பூச்சு: ரப்பர்போல நீளும் பாலிமர்கள். 2014-ல் ஸ்டான்ஃபோர்டில் யி சுய் குழு அடுக்கிய நுண்ணிய கார்பன் குமிழ்களும் இந்த வகைதான். அடியில் லித்தியம் ஏற ஏற அவை மேலே எழும், இறங்கினால் கூடவே இறங்கும்.

நான்காவதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். 2013-ல் அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு ஆய்வகம் திரவத்தில் கொஞ்சம் சீசியம் சேர்த்தது. சீசியம் அயனிகள் முள் நுனியில் கூடி நின்று, வரும் லித்தியத்தைப் பள்ளத்துக்குத் தள்ளிவிடுகின்றன. நாங்கள் தொட்டியில் ஊற்றும் லெவலர் வேறு வழியில் செய்வதும் இதைத்தான்: மேட்டை அடைத்து, பள்ளத்தை நிரப்புவது.

பாணி எதுவானாலும் உரைகல் ஒன்று வேண்டும். எங்களுக்கு அது ஹல் செல். 267 மில்லி பிடிக்கும் கோணல் தொட்டியில் தகட்டைச் சாய்த்து வைத்தால், ஒரு முனையில் கரண்ட் அதிகம், மறுமுனையில் குறைவு. கருகல் எங்கே தொடங்குகிறது என்று ஒரே தகட்டில் தெரிந்துவிடும். லித்தியம் பூச்சைக் குறைந்த கரண்டில் மட்டும் ஓட்டிக் காட்டினால் எல்லாப் பாணியும் ஜெயிக்கும். தடிமனையும் பார்க்க வேண்டும்: சதுர சென்டிமீட்டருக்கு ஒரு மில்லி ஆம்பியர்-மணி என்றால் ஏறுவது 5 மைக்ரான்கூட இல்லை. வண்டிக்கான செல்லுக்கு 3, 4 வேண்டும். அதாவது 15 முதல் 20 மைக்ரான். நாங்கள் ஒரு தடவை ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு சுற்றிலும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். தோல் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும்.

அடுத்தது கணக்கு. ஒரு சுற்றில் ஏற்றிய லித்தியத்தில் 99 சதவீதம் திரும்பி வந்தால், 100 சுற்றுக்குப் பின் மிஞ்சுவது 37 சதவீதம்தான். 99.9 வந்தால் 90. தடித்த தகடும் ததும்பும் திரவமும் வைத்துச் சோதித்தால் இந்த நஷ்டம் வெளியே தெரியாது. மெல்லிய தகட்டில், அளந்து ஊற்றிய திரவத்தில் தெரியும்.

1953-ல் காரைக்குடியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் பிளேட்டிங்கும் பேட்டரியும் ஒரே கூரையின் கீழ்தான் ஆய்வுக்கு வந்தன. பட்டறைக்காரன் அங்கே அந்நியன் இல்லை. புதுப் பூச்சு என்று பளபளப்பான படத்தை யாராவது காட்டினால் எனக்குக் கேட்க மூன்று கேள்விகள் உண்டு. எத்தனை கரண்ட்? எத்தனை மைக்ரான்? இந்தப் படம் தகட்டின் நடுவிலா, மூலையிலா?