இரண்டு மார்க் பழவேற்காடு

மெக்சிகோவில் கழுத்திலும் தலையிலும் கட்டிக்கொள்கிற பூப்போட்ட கைக்குட்டைக்கு ‘பாலியகாதே’ என்று பெயர். அந்நாட்டு விடுதலைப் போரில் ஸ்பெயினை எதிர்த்த மொரேலோஸ் பாதிரியாரின் படங்களைப் பார்த்தால், தலையில் இப்படி ஒரு துணி இருக்கும். பெயர் எங்கிருந்து வந்தது? நம்ம பழவேற்காட்டிலிருந்து! மீஞ்சூர் ஒன்றியத்தில், மீனுக்கும் நண்டுக்கும் பேர் போன அதே ஊர். ஒரு காலத்தில் அங்கே கப்பலேறிய துணிகள் உலகம் சுற்றிப் போய்ச் சேர்ந்த இடத்தில், துணி மறைந்தாலும் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

நம் பிள்ளைகளுக்கு இதே ஊர் எப்படி அறிமுகமாகிறது? எட்டாம் வகுப்பில், ஐரோப்பியர் வருகை என்ற பாடத்தில். டச்சுக்காரர்களின் தலைமையிடம் எது? பழவேற்காடு. அதை எங்கே மாற்றினார்கள்? நாகப்பட்டினம். எப்போது? 1690. அவ்வளவுதான், அடுத்த நாட்டுக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

புத்தகத்தை மட்டும் திட்டுவது நியாயமில்லை. 2018-லிருந்து வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முந்தையவற்றைவிட எவ்வளவோ தேவலை. படங்கள் இருக்கின்றன, தாளைத் தொட்டால் நன்றாக இருக்கிறது. ஆனால் பரீட்சைக்கு வருவது பாடத்தின் கடைசிப் பக்கத்துக் கேள்விகள்தானே? அதற்கும் கைடு இருக்கிறது. பாடம் என்பது இப்போது கேள்விகளுக்கு முன்னால் வருகிற நீண்ட முன்னுரை, அவ்வளவுதான்.

டச்சுக்காரன் ஏன் வந்தான் என்று யாராவது கேட்டிருந்தால் கதையே வேறு. அவனுக்கு வேண்டியது ஜாதிக்காயும் கிராம்பும். அது விளைவது இன்றைய இந்தோனேஷியத் தீவுகளில். அங்கே விலைபோன சரக்கு சோழமண்டலக் கரையின் துணி. ஆகவே துணிக்காக இங்கே வந்து, 1613-ல் ஜெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டிக்கொண்டான். உள்நாட்டு நெசவாளியின் தறியும் எங்கோ ஒரு தீவின் ஜாதிக்காய் மரமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் ஏறின. கோட்டையில் வெடிமருந்தும் தயாரித்தார்கள். மனிதர்களையும் விற்றார்கள். பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் இந்தக் கரையிலிருந்து பட்டாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அடிமை வியாபாரம் என்றால் ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று மட்டுமே எழுதிப் பழகிய பையனுக்கு, அது பஸ் போகிற தூரத்தில் நடந்தது என்று யார் சொல்வது? கோட்டை இருந்த இடம் இன்று புதர் மண்டிக் கிடக்கிறது.

இலக்கியமும் இதே கதைதான். 1630-களில் பழவேற்காட்டில் பாதிரியாராக இருந்த ஆபிரகாம் ரோஜர் என்ற டச்சுக்காரர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டுக் கேட்டு நம்மூர்ச் சமயம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் இறந்த பின் 1651-ல் லெய்டனில் அச்சானது. அதில் பர்த்ருஹரியின் பாடல்கள் உரைநடையில் இருந்தன. ஐரோப்பிய மொழியொன்றில் அச்சேறிய முதல் சமஸ்கிருத இலக்கியம் என்று அதைச் சொல்கிறார்கள்.

இது பாடத்தில் இல்லாவிட்டால் போகட்டும். இருப்பதையாவது ஒழுங்காக நடத்துகிறோமா? நெய்தல் திணை, கடலும் கடல் சார்ந்த இடமும். தெய்வம் வருணன், மரம் புன்னை, தொழில் மீன் பிடித்தல், சிறுபொழுது எற்பாடு. அட்டவணை! மீனவக் குப்பத்துப் பெண், தன் அப்பா செய்கிற தொழிலை அட்டவணையில் மனப்பாடம் செய்து மார்க் வாங்க வேண்டும். எந்த இடத்தில் யார் எப்போது வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வதை அந்த ஏரியில் ‘பாடு’ என்பார்கள் (எற்பாட்டின் ‘பாடு’ வேறு). அந்த முறையில் எல்லாருக்கும் இடமில்லை என்ற மனக்கசப்பும் உண்டு. நெய்தல் நடத்தும்போது இதை வகுப்பில் பேசினால் எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பூகோளம் இன்னும் மோசம். ‘இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி’ என்று எழுதினால் டிக். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பது ராக்கெட் விடுகிற ஸ்ரீஹரிகோட்டா என்பதைக்கூட எத்தனை பேர் சேர்த்துப் பார்க்கிறார்கள்? முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல் மீன் உள்ளே வராது. மணல் ஏன் சேர்கிறது? நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்சுவர் கட்டினால் தெற்கே குவியும், வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்ததும் மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. இது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம், விடைத்தாளில் மட்டும் வராது. மீஞ்சூர் தண்ணீரும் அப்படித்தான். சென்னைக்கும் ஆலைகளுக்கும் உறிஞ்சி உறிஞ்சி, 1960-களின் இறுதியிலேயே நிலத்தடியில் கடல் நீர் புகுந்துவிட்டது. 2010-ல் அதே வட்டாரத்தில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை திறந்தார்கள். அந்தத் தண்ணீரும் சென்னைக்கு!

உள்ளூர்ப் பெருமை பேசச் சொல்லவில்லை. உலகப் போரையும் பிரெஞ்சுப் புரட்சியையும் குறைக்கச் சொல்லவும் இல்லை. அவை கட்டாயம் வேண்டும். உலகம் வேறெங்கோ நடக்கிறது, நாம் அதைப் படித்து எழுதுகிற ஆட்கள் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் பள்ளியை விட்டு வெளியே வருகிறார்களே, அதுதான் என் புகார்.

நஷ்டம் மார்க்கோடு நிற்பதில்லை. ஏரிக்குத் தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டம் பற்றி 2021-லும் 2023-லும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் அறிவிக்கப்பட்டு, தள்ளிவைக்கப்பட்டன. அந்த மாதிரிக் கூட்டத்தில் மேஜை மேல் வைப்பது கனமான அறிக்கையும் வரைபடமும். எழுந்து நின்று, ‘சார், இந்தச் சுவர் வந்தா வடக்கே என்ன ஆகும்?’ என்று அறிக்கையின் பக்கத்தைக் காட்டிக் கேட்க, பத்தாம் வகுப்பு பூகோளம் தாராளமாகப் போதும். நடத்தியிருந்தால்.

மீஞ்சூர், பொன்னேரிப் பக்கத்து சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. ஒரு நாள் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றுங்கள். காலையில் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூடு சிற்பங்கள் உண்டு, பையன்கள் நிச்சயம் ரசிப்பார்கள். மதியம் ஏரிக்கரை. வலை சரிபார்த்துக்கொண்டிருக்கிற பெரியவர் யாராவது இருப்பார். முகத்துவாரம் எந்த மாதம் அடைபடும், முன்பெல்லாம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள்.