டூலின் முனை சொல்லும் வேலை

ஆலை மூடினால் லேத்துக்கு உடனே ஆள் வந்துவிடும். மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் ஏலத்தில் போட்டி இருக்கும். லேத் பக்கத்தில் டூல்களோடு கிடந்த மரப்பெட்டியை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. கிலோ கணக்கில் காயலான் கடைக்குப் போய்விடும். அந்த ஆலையில் என்னென்ன கடைந்தார்கள், எப்படிக் கடைந்தார்கள் என்பதற்கு மிஞ்சும் ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான்.

எங்கள் கடலோரத்துக்கு இது புதிதல்ல. காரைக்காலை அடுத்த நெரவிக்குத் தெற்கே, நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1928 வாக்கில் திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. ஆட்குறைப்பை எதிர்த்து அந்த ஆண்டு நடந்த வேலைநிறுத்தம் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். புதுச்சேரியில் எல்லோரும் ரோடியர் மில் என்று சொன்ன ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் 1898-இல் தொடங்கியது, 2020-இல் மூடப்பட்டது. இந்த மாதிரி இடங்களில் உதிரிபாகம் கப்பலில் வரும்வரை காத்திருக்க முடியாது. பட்டறையிலேயே கடைந்தாக வேண்டும். கடையில் கிடைக்காத டூலைக் கடைசல்காரரே அடித்து, சாணை பிடித்து வைத்துக்கொண்டார். விசித்திரமான டூல்கள் பிறந்தது இப்படித்தான்.

அப்படி ஒன்று கைக்கு வந்தால் பலர் முதலில் தேடுவது முத்திரையை. மிராண்டா என்றோ, சுத்தியல் பிடித்த கையோடு ஆம்ஸ்ட்ராங் என்றோ இருந்தால் ஒரு மகிழ்ச்சி. முத்திரை யார் விற்றார் என்பதைத்தான் சொல்லும். எதற்குப் பயன்பட்டது என்பதை முனையில்தான் படிக்க வேண்டும். முனையின் மேல்முகம் பின்னோக்கி நன்றாகச் சரிந்திருந்தால் அலுமினியமோ செம்போ வெட்டியது. ஓரளவு சரிவு என்றால் எஃகு. சரிவே இல்லாமல் தட்டையாக இருந்தால் பித்தளை. பித்தளைக்குச் சரிவு கொடுத்தால் முனை உள்ளே இழுபட்டுப் பாய்ந்துவிடும். நாச்சியார்கோயில் குத்துவிளக்கு கடையும் பட்டறையில் இதைக் கண்ணால் பார்க்கலாம். வார்த்தெடுத்த விளக்குத் தண்டு சுழல, கைப்பிடி நீண்ட டூலைத் தாங்கியில் அழுத்திப் பிடிக்கிறார்கள். பித்தளை தூளாக உதிர்கிறது. எஃகைப் போலச் சுருள் சுருளாக வராது.

எனக்கு மிகப் பிடித்தது வாத்துக் கழுத்து டூல். ஸ்வான் நெக் என்றும் சொல்வார்கள். பார்த்தவுடன் யாரோ வளைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் தோன்றும். கடைக்காரர்கூட, “இது வளைஞ்சு போச்சுண்ணே, வேற எடுத்துக்குங்க” என்பார். வளைவு வேண்டுமென்றே கொடுத்தது. நேரான டூலில் சுமை ஏறினால் முனை கீழே அழுந்தி வேலைத்துண்டைக் கடித்துவிடும், பள்ளம் விழும். வாத்துக் கழுத்தில் அதே சுமை ஏறும்போது கழுத்து சற்றே வளைந்து கொடுக்கும், முனை கீழிறங்கிக்கொண்டே பின்வாங்கும். அதிகம் வெட்ட முயன்றால் தானாகக் குறைத்து வெட்டும். அகலமான முனையை வைத்து மெருகுவெட்டு எடுக்கும்போதும், மரை வெட்டும்போதும் அதிர்வுக்கோடு இல்லாமல் பரப்பு வழுவழுவென்று வருவது இதனால்தான். கணினி லேத்தில் வேலை செய்யும் இளைஞர் பலர் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். விறைப்பான இயந்திரம் வந்தபின் இதன் தேவை குறைந்தது. தேய்ந்து தள்ளாடும் பழைய லேத்தில் நல்ல பரப்பு எடுக்க இதைவிட அழகான வழி எனக்குத் தெரியாது.

வயதைக் கணிக்கச் சாணை உதவும். டூலின் வால்பக்கத்தை லேசாக ஒட்டிப் பார்க்கலாம். முனையில் மட்டும் சாணை படவே கூடாது, பழைய கடைசல்காரர் கொடுத்த கோணம் போய்விடும். கார்பன் எஃகு வெள்ளையாக வெடித்துச் சிதறும் பொறி தரும். ஹைஸ்பீடு எஃகின் பொறி மங்கிய செம்மஞ்சள், வெடிப்பு குறைவு. 1868-இல் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் சேர்த்து முதல் அடி வைத்தார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், வைட் இருவரின் டூல்கள் முனை சிவந்த பிறகும் வெட்டிக்காட்டி உலகை வியக்க வைத்தன. டங்ஸ்டன் 18, குரோமியம் 4, வனேடியம் 1 சதவீதம் என்ற கலவை அதன்பின் நிலைபெற்றது. இதில் ஒரு சிக்கல் உண்டு: விலை உயர்ந்த ஹைஸ்பீடு எஃகை முனையில் மட்டும் பற்றவைத்து, தண்டுக்குச் சாதாரண எஃகு போடும் வழக்கம் இருந்தது. ஒட்டுக்கோடு தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வால்பக்கப் பொறியை நம்ப வேண்டும்.

மரை வெட்டும் டூல்களில் இன்னும் சுவை கூடுதல். காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்ததால், இங்கே கிடைப்பதெல்லாம் மெட்ரிக் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பதுண்டு. பேரளத்திலிருந்து 1898-இல் காரைக்காலுக்கு வந்த ரயிலை ஓட்டியதோ பிரிட்டிஷ் கம்பெனியான தென்னிந்திய ரயில்வே. அதன் போல்ட்டும் நட்டும் அங்குலக் கணக்கு. ஆகவே கோணமானியை வைத்துத்தான் பேச வேண்டும். 55 டிகிரி என்றால் 1841-இல் ஜோசப் விட்வொர்த் வகுத்த மரை. 60 டிகிரி என்றால் மெட்ரிக்காகவோ அமெரிக்க மரையாகவோ இருக்கலாம். சீப்பு போலப் பல்வரிசை கொண்ட சேசராக இருந்தால் பற்களை எண்ணலாம்: அரை அங்குல போல்ட்டில் விட்வொர்த்துக்கு அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க யூஎன்சிக்கு 13. பல்வரிசையே சாய்ந்திருந்தால் குழாய் மரை. அதிலும் 55 டிகிரி என்றால் தண்ணீர்க் குழாய். 60 டிகிரியோடு அங்குலத்துக்கு 8 மரை என்றால், எண்ணெய்க் கிணற்றின் கேசிங் குழாயை நினைக்கலாம். நெரவியில் ஓஎன்ஜிசி வளாகம் இருப்பதால் இந்த ஊர்க்காரருக்கு அது அந்நியமான பொருளல்ல.

ஆல்ஃபிரட் ஹெர்பர்ட் கம்பெனியின் மரை வெட்டும் கவன்ட்ரி டை ஹெட்டுக்கான சேசர்கள் கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். நான்கு சேர்ந்தது ஒரு செட். ஒவ்வொன்றிலும் 1 முதல் 4 வரை ஓர் எண் வெட்டியிருக்கும். அடுத்தடுத்த சேசரில் பற்கள் கால் மரை தள்ளி அமைந்திருப்பதால், எண் வரிசை மாறினாலோ வேறு செட்டிலிருந்து ஒன்றைச் சேர்த்தாலோ மரை கிழிந்துவிடும். ஒன்று தொலைந்தால் மற்ற மூன்றும் பழைய இரும்புதான். அந்த ஒன்று பெரும்பாலும் பெட்டியின் அடியிலேயே, எண்ணெய் ஊறிய பஞ்சுக் கழிவோடு ஒட்டிக் கிடக்கும். காயலான் கடையில் தராசில் ஏற்றும் முன் பெட்டியைச் சாக்கில் கவிழ்த்துக் கொட்டி, கழிவைக் கையால் பிரித்துத் தேடுங்கள்.