சீன ஆட்சிக்காலப் பெயர்களும் தமிழ் ஆண்டுக்கணக்கும்

ரெம்பாவ் தோட்டப்புறக் கோயில்களின் திருவிழா அழைப்பிதழ்களில் பிரபவ முதலிய அறுபதாண்டுப் பெயர்களைக் காணலாம். அவற்றோடு பழகிய மாணவர், சீன வரலாற்றில் வரும் ஆண்டுப்பெயர்களும் அத்தகையனவே எனக் கருதுதல் இயல்பு. எனினும் இரண்டும் வேறு. நம் அறுபதும் சுழன்று மீள்வன. சீனப் பெயர்களோ பேரரசன் ஆணையால் அறிவிக்கப்பெற்றவை. கி.மு. 140இல் தொடங்கும் சியென்யுவான் இவற்றுள் முதலாவதாகக் கருதப்பெறுகிறது. 1368இல் மிங் மரபு தோன்றிய பின்னரே ஒரு மன்னனுக்கு ஒரு பெயர் என்பது பெருவழக்காயிற்று. ஆதலின், ‘காங்சி’ என்பது மன்னனின் இயற்பெயரன்று. சுவான்யே என்பான் ஆண்ட 1662 முதல் 1722 வரையிலான காலத்தின் பெயர்.

இவற்றைக் கிறித்து ஆண்டாக மட்டும் மாற்றி எழுதுங்கால் அரசியற் பொருள் மறைந்துவிடுகிறது. சீனப் பேரரசின் ஆண்டுக்கணக்கை ஏற்பது அதன் மேலாண்மையை ஏற்பதாகவே கொள்ளப்பட்டது. இந்நோக்கில் சீனத்துக் குவான்சௌ துறைமுகத் தமிழ்க் கல்வெட்டு ஈண்டுக் கருதத்தக்கது. அது பொறிக்கப்பெற்ற 1281, குப்ளாய் கானின் ஜியுவான் 18ஆம் ஆண்டாகும். சிவன்கோயில் எடுத்த சம்பந்தப் பெருமாள் கானின் நலம் வேண்டியவரேனும், கல்வெட்டின் தமிழ்ப்பகுதி சகம் 1203 சித்திரை என்றே குறிக்கிறது. இதனை எதிர்ப்பு எனக் கொள்வது மிகை. அதைப் படிக்கவிருந்தோர் தமிழ் வணிகர் என்பதே பொருத்தமான விளக்கம்.

ரெம்பாவுக்கு அண்மையில், பெங்காலான் கெம்பாசில் உள்ள கல்லும் சகம், ஹிஜ்ரி ஆகிய இரு கணக்குகளைத் தாங்கி நிற்கிறது. அதன்முன் மாணவரை நிறுத்தி, ‘இவ்வாண்டு எவருடைய கணக்கு?’ என ஆசிரியர் வினவுதல் வேண்டும். வரலாற்றுக் கல்வி அவ்வினாவிலிருந்தே தொடங்குகிறது.