வெல்ஸ் ஸ்கோருக்குள் உட்கார்ந்திருக்கும் டாக்டர்

ராஜபாளையம் அய்யனார் கோவில் போயிருந்தோம். காரை விட்டு இறங்கி நூறு அடி நடப்பதற்குள் சித்தப்பா உட்கார்ந்துவிட்டார். "மூச்சு வாங்குதுடா." குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூணு வாரம். அன்றைக்குப் பார்த்த டாக்டர் கேஸ் ட்ரபிள் என்று மாத்திரை கொடுத்தார். ரெண்டு நாள் கழித்து மதுரையில் சி.டி. எடுத்தபோது, ரத்தக்கட்டி நுரையீரல் தமனியை அடைத்திருந்தது. பல்மனரி எம்பாலிசம். பிழைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் வெல்ஸ் ஸ்கோரைப் படித்தேன். கனடாவைச் சேர்ந்த பிலிப் வெல்ஸும் குழுவினரும் 2000இல் வெளியிட்டது. காலில் ரத்தம் உறைந்ததற்கான அறிகுறி (வீக்கம், அழுத்தினால் வலி) இருந்தால் 3. நாடித்துடிப்பு 100க்கு மேல் என்றால் 1.5. நாலு வாரத்துக்குள் ஆபரேஷன் அல்லது படுக்கை, 1.5. முன்பே ரத்தக்கட்டி வந்திருந்தால் 1.5. இருமலில் ரத்தம் 1, புற்றுநோய் 1. மொத்தம் 4ஐத் தாண்டினால் நேராக சி.டி. தாண்டாவிட்டால் டி-டைமர் ரத்தப் பரிசோதனை. அது நார்மல் என்றால் விட்டுவிடலாம்.

மூச்சுத்திணறலுக்கு மார்க்கே கிடையாது! முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் யோசித்தால் நியாயம். ஆஸ்துமா, நிமோனியா, இதய நோய் எல்லாவற்றிலும் மூச்சு வாங்கும். எதையும் அது பிரித்துக் காட்டாது.

என் சண்டை ஏழாவது வரியோடு. "வேறு நோயாக இருக்க வாய்ப்பு குறைவு என்று டாக்டர் நினைத்தால் 3." அதாவது கணக்குக்குள்ளேயே டாக்டரின் உள்ளுணர்வு. நம்ம கோடில் இஃப் கண்டிஷனுக்குள் 'மேனேஜரைக் கேள்' என்று எழுதின மாதிரி. சித்தப்பாவுக்கு நாடி 110. ஆபரேஷனோடு சேர்த்து 3. கேஸ் என்று நினைப்பவருக்கு அதோடு முடிந்தது. கட்டியைச் சந்தேகிப்பவருக்கு அதுவே 6. உடம்பு ஒன்றுதான்.

இந்த வரி இல்லாமலே 2006இல் திருத்திய ஜெனீவா ஸ்கோர் வந்தது. முழுக்கப் புறநிலைக் கணக்கு. ஆனாலும் வெல்ஸை அது பெரிதாக முந்திவிடவில்லை. அனுபவமுள்ள டாக்டரின் சந்தேகத்திலும் தகவல் இருக்கிறது போல. அந்த அளவுக்கு நான் இறங்கி வருகிறேன். ஆனால் எந்த ஸ்கோரானாலும், போட ஆரம்பிக்கவே முதலில் ஒருவருக்குச் சந்தேகம் வர வேண்டுமே. முதல் டாக்டர் அந்த இடத்துக்கே வரவில்லை. 3 என்று போட்டிருந்தால்கூட டி-டைமர் எழுதியிருக்க வேண்டும்.

மதுரையில் டூட்டி டாக்டர், சின்னப் பெண், முதலில் சொன்னது: "ஐயா, வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க." இடது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. எங்கள் வீட்டில் யாருமே அதைப் பார்த்திருக்கவில்லை.